அவள் எதிர்பார்த்த ஆள் நான் இல்லை

ருவைஸுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது கோடையில் நடந்தது இது. அபுதாபி நகரத்தில் காரில் ஏறி உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்த பிறகுதான் ருவைஸ் வரும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதில் வேலை செய்பவர்களின் குடியிருப்பு, ஒரு மால், கொஞ்சம் கடல், அவ்வளவுதான் ஊர். என் கணவருக்கு அந்த ஆலையில் வேலை. பாளையங்கோட்டையில் வாய் ஓயாமல் பேசி வளர்ந்த நான், முதல் வருடம் பேச ஆளில்லாமல் ஏசியைத் திட்டிக்கொண்டு காலம் தள்ளினேன். பிறகு எதிர் வீட்டு லாத்தா கிடைத்தார். கீழக்கரைக்காரர். அவர்கள் பக்கம் அக்காவை லாத்தா என்பார்கள்.

எங்கள் இரண்டாவது மாடியிலேயே, என் வீட்டுச் சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் நெதர்லாந்து நாட்டுக் கணவன் மனைவி இருந்தார்கள். அவள் நல்ல உயரம். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள், அதோடு சரி. நிறைமாத வயிற்றோடு தனியாகப் போய்ச் சாமான் வாங்கி வருவாள். "பிரசவத்துக்கு அம்மா வரலையா?" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டேன். "அடுத்த மாதம் வருவார்கள், குழந்தையைப் பார்க்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகள் பிறந்தபோது அம்மா மூட்டை முடிச்சோடு முன்கூட்டியே வந்து இறங்கி, என் சமையலறையை முழுசாகக் கைப்பற்றி ஆண்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். பிரசவத்துக்கு அம்மா வராத ஒரு நாடு இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் போய்ப் பார்க்கலாமா என்று லாத்தாவிடம் கேட்டேன்.

"வெள்ளக்காரவுங்க தங்கச்சி. மெசேஜ் போட்டுக் கேட்டுட்டுத்தான் போவணும். நாம பாட்டுக்குப் பெல் அடிச்சா தப்பா எடுத்துக்குவாங்க" என்றார்.

சரிதான் என்று இருந்துவிட்டேன். ஆனால் முதல் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குழந்தைச் சத்தம், மறுநாள் கேட்கவே இல்லை. அதற்கடுத்த நாள் காலையிலும் இல்லை. "அவங்க பிள்ளைங்க அழாது, பழக்கியிருப்பாங்க" என்றார் என் கணவர், சட்டையை மாட்டிக்கொண்டே. பிறந்த குழந்தையை எப்படிப் பழக்குவார்களாம்? எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் டூட்டிக்குப் போனதும் லாத்தா வீட்டில் வாங்கிய சுறாப்புட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன். தாய்ப்பால் நன்றாக ஊறும் என்று பெற்றவளுக்குக் கொடுப்பது அது. நான் மீன் வாடையே ஆகாத வீட்டில் பிறந்தவள். அன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் போனேன்.

பெல் அடித்ததும் கதவு திறந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பாள் போல. முகம் வெளுத்து, தலை கலைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கிராம்ஸோர்க்?" என்று கேட்டாள்.

எனக்குக் கிராம் என்பது மட்டும்தான் புரிந்தது. டப்பாவில் எத்தனை கிராம் என்று கேட்கிறாளோ என்று நினைத்து, "கொஞ்சம்தான்" என்று தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்த் தொட்டிலைக் காட்டினாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகமும் நெஞ்சும் மஞ்சளாக இருந்தன. பாதத்தைச் சுண்டிப் பார்த்தேன், சிணுங்கக்கூட இல்லை. பால் குடித்ததா என்று கேட்டேன். எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, நல்ல அமைதியான குழந்தை என்றாள். என் மகளுக்கும் பிறந்தவுடன் மஞ்சள் காமாலை வந்தது. ஆனால் அவள் கத்திக் கத்தி ஊரைக் கூட்டினாள். இது கண்ணையே திறக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றேன்.

"நீங்கள் இங்கேயே பார்க்க முடியாதா? எடைக் கருவி கொண்டுவரவில்லையா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவள் என்னை வேறு யாரோ என்று நினைத்திருக்கிறாள். "நான் பக்கத்து வீடு" என்றேன். அவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் அபுதாபி ஏஜென்சி ஒன்றின் மூலம் ஒரு நர்ஸை ஏற்பாடு செய்திருந்தானாம். அன்று காலை வரவேண்டியவள் வரவில்லை. ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நேரம் என்பதால் அவன் விடிவதற்குள் டூட்டிக்குப் போய்விட்டான். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. முந்தைய நாளே குழந்தையைக் கொண்டுவந்து காட்டும்படி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கே ஆள் வரும்போது எதற்கு அலைய வேண்டும் என்று இவள் இருந்துவிட்டாள். அவள் ஊர் வழக்கம் அப்படி.

லாத்தா வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அபாயாவை மாட்டிச் சாவியை எடுத்துவிட்டார். எங்கள் கட்டடத்தில் அவருடையது போன்ற பெரிய வண்டி ஓட்டும் பெண் அவர் ஒருவர்தான். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். நிற்கவே தெம்பில்லாத அந்தப் பெண், குழந்தைக்கான கார் சீட்டில்தான் வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். லாத்தாவும் அவள் கட்சி. "யல்லா, அவ சொல்றதச் செய்யி" என்று என்னை அதட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் அவர் வாய் துஆ ஓதிக்கொண்டிருந்தது. நான் எங்கள் ஊர் அம்மனைக் கூப்பிட்டேன். அவள் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா உடனே நீல விளக்குக்கு அடியில் படுக்கவைத்து, குழாய் வழியாகப் பாலும் ஏற்றச் சொன்னார். "இன்றைக்கே கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று, நாளை வரை விட்டிருந்தால் மூளையைப் பாதித்திருக்கலாம்" என்றார். சாயங்காலம் அந்தக் குழந்தை வாயைத் திறந்து ஓவென்று அழுதது பாருங்கள், அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. வாசலில் நின்ற லாத்தா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

குழந்தை வீடு திரும்பியபோது நாங்கள் யாரையும் மெசேஜ் போட்டுக் கேட்கவில்லை. அந்தக் கணவன் ஷட்டவுன் முடியும்வரை தவித்துக்கொண்டிருந்தான், அவனை நிம்மதியாக டூட்டிக்குப் போகச் சொன்னோம். காலையில் லாத்தா குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். மதியம் நான் பூண்டு ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுபோவேன். கீழ்மாடி நாகர்கோவில் டீச்சர் துணி துவைத்துப் போடுவார். அந்தப் பெண் எங்களை மலங்க மலங்கப் பார்ப்பாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நீங்களெல்லாம் எந்த அமைப்பிலிருந்து வருகிறீர்கள்?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் லாத்தா குழந்தையைத் துவட்டிக்கொண்டே, "ரெண்டாவது மாடின்னு சொல்லு" என்றார். சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அன்றுதான் அந்தக் கிராம்ஸோர்க் என்ன என்று கேட்டேன். அவர்கள் நாட்டில் குழந்தை பிறந்தால் முதல் வாரம் வீட்டுக்கே ஒரு பெண் வருவாராம். அதற்காகவே படித்தவர். குழந்தையின் எடை, நிறம், காய்ச்சல் எல்லாம் பார்ப்பார், பால் கொடுக்கச் சொல்லித் தருவார், வீட்டைப் பெருக்குவார். பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பு தூவிக் கொடுப்பதுகூட அவர்தானாம். பணக்காரி, ஏழை எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி. நாட்டில் எல்லோரும் சேர்ந்து கட்டும் காப்பீட்டில் அது அடக்கம்.

"அப்ப ஒண்டியா இருக்கற பொண்ணுக்கும், யாரையும் தெரியாதவளுக்கும் வருவாங்களா?" என்று லாத்தா கேட்டார்.

"அவளுக்குக் கண்டிப்பாக வருவார்கள்" என்றாள் அவள். அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நாங்கள் செய்ததில் எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் வீடு இன்னும் ஒரு சுவர் தள்ளி இருந்திருந்தால் நான் அந்தச் சத்தம் நின்றதைக் கவனித்திருப்பேனா? அவர்கள் ஊரில் அந்தக் கேள்வியே கிடையாது. அங்கே ஆள் வருவது யாருடைய நல்ல மனசையும் நம்பி இல்லை.

அந்தக் கேள்வியை லாத்தாவிடம் சொன்னேன். "அப்ப நாமளும் எல்லா வூட்டுக்கும் போவோம்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிவாயிற்று. அதிலிருந்து எங்கள் கட்டடத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், தமிழோ மலையாளமோ, எகிப்தோ பிலிப்பைன்ஸோ, முதல் வாரம் எங்களில் ஒருத்தி தினம் போய்வருவாள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டுத் திரும்பிவிடுவோம், மறுநாள் மறுபடி பெல் அடிப்போம். எங்களுக்குள் அதற்குப் பெயர் "கிராம் டூட்டி". இன்னைக்குக் கிராம் டூட்டி யாருக்கு என்று கேட்டால் புதிதாகக் குடிவந்தவர்கள் முழிப்பார்கள். அந்த நெதர்லாந்துக்காரி ஊரைவிட்டுப் போகும்வரை தன் முறைக்குத் தவறாமல் போனாள், ரஸ்க்கும் சோம்புமாக.

ஒரு நாடே சேர்ந்து செய்வதை நாங்கள் நாலு பெண்கள் செய்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கட்டடத்தில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும், யாராவது வருவார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பதில்லை. என் வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இதுதான்.