கிழக்கு ஜன்னல் உள்ள அறை

விடுமுறைக்குப் போன ஊரில் நீங்கள் படுத்துத் தூங்கிய கட்டில் யாருடையது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

ஹோட்டல் கட்டிலைச் சொல்லவில்லை. ஆஸ்திரியாவில் எங்கள் டிரோல் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் ஹோட்டலில் தங்குவதில்லை. வீடுகளில் தங்குகிறார்கள். வாசலில் "அறை உண்டு" என்று பலகை தொங்கும் வீடுகள். மரப் பலகணி, சிவப்புப் பூப்போட்ட திரை, காலையில் சூடான ரொட்டி. அந்த வீட்டுக்காரர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்ற கேள்வி, பனிச்சறுக்குக்கு வருபவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றாமல் இருப்பதற்காகத்தான் நாங்கள் அவ்வளவு பாடுபடுகிறோம்.

செப்டம்பரில் மேய்ச்சல் மலையிலிருந்து மாடுகள் இறங்கும். தலையில் பூக்கிரீடம், கழுத்தில் மணி, தெருவெல்லாம் கூட்டம். டிசம்பர் முதல் வாரத்தில் மனிதர்கள் நாங்கள் இறங்குவோம். அதற்குப் பூவும் இல்லை, மணியும் இல்லை. படுக்கையறையிலிருந்து நிலவறைக்கு. எங்கள் ஊரில் அதற்குப் பேரே "இறங்குறது"தான். "நீங்க இறங்கியாச்சா?" என்று கடையில் கேட்டுக்கொள்வோம். அலமாரியைக் காலி செய்வோம், கல்யாணப் போட்டோவைக் கழற்றுவோம், பிள்ளைகளின் பொம்மைகளை மூட்டை கட்டுவோம். சிலுவையை மட்டும் சுவரிலேயே விட்டுவிடுவோம். அது விருந்தாளிகளுக்குப் பிடிக்கும். ஈஸ்டர் முடிந்ததும் மறுபடி ஏறுவோம்.

கிரெஸென்ஸ் என்ற பெண், ஊருக்குச் சென்ஸி, கல்யாணமான நாள்முதல் அப்படி இறங்கி ஏறியவள். எங்கள் பக்கத்து வீடு. அந்த வீட்டைக் கட்டியவன் அவள் புருஷன் எங்கெல்பெர்ட். மேல்மாடியில் கிழக்கு ஜன்னல் வைத்த அறை ஒன்று. அதில் மலைப் பைன் மரத்தில் அவனே இழைத்த கட்டில். அந்த மரத்தின் வாசனை நெஞ்சுக்கு நல்லது என்பார்கள். அதைச் சொல்லித்தான் அந்த அறையை வாடகைக்கு விட்டார்கள்.

எங்கெல்பெர்ட்டின் நெஞ்சு பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதில் மின்நிலையத்துக்குச் சுரங்கம் துளைத்தான். பிறகு மலைமேல் கம்பியில் ஓடும் நாற்காலி லிஃப்டின் தூண்களுக்காகப் பாறை துளைத்தான். பனிச்சறுக்குக்காரர்கள் காலை ஆட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு மேலே போகிறார்களே, அந்தத் தூண்கள் நிற்கும் குழியிலிருந்து கிளம்பிய கல்தூசி முழுக்க இவன் நுரையீரலுக்குள் இருந்தது. முகமூடி கொடுக்கவில்லை. கேட்டவர்களைப் பெண்பிள்ளை என்று கேலி செய்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை.

தலையெழுத்து என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். தலையில் யாரும் எதையும் எழுதுவதில்லை. முகமூடி வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குப் பெயரும் முகவரியும் உண்டு.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் இறங்கிய நிலவறையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் எண்ணெய்க் கொதிகலன். மறுபக்கம் விருந்தாளிகளின் ஈரக் காலணிகளைக் காயவைக்கும் அறை. ராத்திரி பூராவும் வியர்வையும் ஈரத்தோலும் கலந்த ஆவி சுவர் வழியாக வரும். கூரையை ஒட்டி ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஜன்னல். ஜனவரியில் அதையும் பனி மூடிவிடும்.

டாக்டர் மார்க்ரைட்டர் ஜனவரிக் கடைசியில் வந்து பார்த்தார். பிழைக்க வைக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். மருந்தைவிட இவனுக்குக் காய்ந்த காற்று தேவை, திறக்கக்கூடிய ஜன்னல் தேவை, மேலே கொண்டுபோங்கள், மூச்சாவது சுலபமாகப் போகட்டும் என்றார். எங்கெல்பெர்ட் ஒன்றுதான் கேட்டான். கிழக்கு ஜன்னல் அறையில், தன் கட்டிலில் கிடக்க வேண்டும்.

சென்ஸி மகன் கெப்ஹார்டிடம் சொன்னாள். வீட்டு நிர்வாகம் அவன் கையில். கெட்டவன் இல்லை. அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவன் அவன்தான்.

"பிப்ரவரி முதல் வாரம் ஹாகெமன் வர்றாரும்மா. இருபது வருஷமா அது அவங்க ரூம்."

"அது உங்க அப்பா ரூம்டா."

"கோடையில."

ஹாகெமன் தம்பதியிடம் நிலைமையைச் சொல்லிப் பார்க்கலாமே என்று சென்ஸி கேட்டாள். சீக்கு வீடு என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் இந்தத் தெருவில் யார் வந்து தங்குவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். விருந்தாளிக்கு வீட்டின் சிரிப்பு மட்டும் போதும், மற்றதெல்லாம் கீழே இருக்கட்டும் என்றுதான் எங்கள் எல்லோரையும் வளர்த்திருந்தார்கள்.

பாதிரியார் வந்தார். ஏசு தொழுவத்தில்தானே பிறந்தார், கீழே கிடப்பதில் என்ன தாழ்வு என்று ஆறுதல் சொன்னார். அவருடைய வீட்டில் கிழக்கு ஜன்னல் உண்டு. குளிர்காலத்தில் அவர் இறங்குவதில்லை.

ஆனால் சென்ஸி ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் ஆள் மாறும் நாள். பழைய விருந்தாளிகள் காலையில் கிளம்புவார்கள், புதியவர்கள் பிற்பகலில் வருவார்கள். நடுவில் சில மணி நேரம் அறை யாருக்கும் சொந்தமில்லை. ஹாகெமன் வர வேண்டிய சனிக்கிழமை, முந்தைய விருந்தாளிகளின் கார் தெருமுனையைத் திரும்பியதும், அவளும் மருமகளும் எங்கெல்பெர்ட்டை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். அவன் கட்டிலில் கிடத்தினார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

எதிரே மலை. வெயில் பட்ட புதுப்பனி. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். பிறகு, "மூணாவது தூணு லேசா சாஞ்சிருக்கு பாரு. அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்" என்றான். அப்புறம் தூங்கிப்போனான். பல வாரங்களுக்குப் பிறகு இழுப்புச் சத்தம் இல்லாத தூக்கம். சென்ஸி விரிப்பு மாற்றும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு மற்ற அறைகளைக் கூட்டினாள்.

ஹாகெமன் தம்பதியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கணவர் ஜெர்மனியின் டார்ட்மண்டில் கணக்காசிரியர். மனைவி கெஸீனே அஞ்சலகத்தில் வேலை. ஆண்டு முழுவதும் இந்த ஒரு வாரத்துக்காகத்தான் வாழ்ந்தார்கள். அக்டோபரிலிருந்தே மாடிப்படியில் ஏறி இறங்கி முழங்காலைப் பழக்குவார்கள். பனிச்சறுக்குப் பட்டைகளுக்கு வீட்டிலேயே மெழுகு தேய்ப்பார்கள். பையைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவார்கள். இந்த முறை ஆசை தாங்காமல் முந்தின நாளே கிளம்பி, பாதி வழியில் ராத்தங்கி, மதியத்துக்கு முன்பே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இருபதாம் ஆண்டு அல்லவா. முற்றத்தில் நின்று உற்சாகமாக ஹாரன் அடித்தார்கள்.

மேலே எங்கெல்பெர்ட் விழித்தான்.

சென்ஸி கதவருகே நின்றாள். கீழே போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாக்கியம் தொண்டைவரை வந்தது என்று என்னிடம் பிறகு சொன்னாள். அதை அவள் சொல்வதற்குள் புருஷன் முந்திக்கொண்டான்.

"இறக்கு என்னை. ஆளு வந்தாச்சு."

"எங்கெல்பெர்ட், நான் போயி சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? உங்க படுக்கையில ஒருத்தன் சாகக் கிடக்கான்னா? இறக்கு."

தன் கட்டிலை அவனே "உங்க படுக்கை" என்றான். அடிமைத்தனம் என்பது சங்கிலியில் இல்லை, இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பின்படி வழியாக இறக்கினார்கள். கெப்ஹார்ட் முன்வாசலில் பைகளை மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, இறக்கிக்கொண்டிருந்தான். அப்பா எங்கே என்று ஹாகெமன் கேட்டதற்கு, இன்ஸ்ப்ரூக் நகரில் அவருடைய தங்கை வீட்டில் ஓய்வெடுக்கிறார் என்றான். சென்ஸி ஓடிவந்து விரிப்பை மாற்றி முடிக்கவும் அவர்கள் அறைக்குள் வரவும் சரியாக இருந்தது. கெஸீனே கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைத் தடவினாள். முகம் மலர்ந்தது.

"அடடா, படுக்கையைக்கூட சூடு பண்ணி வச்சிருக்கீங்களே சென்ஸி. வேற எங்க இப்படிக் கவனிப்பாங்க?"

"ஆமாம்மா," என்றாள் சென்ஸி.

அந்த வாரம் பனி அபாரமாக விழுந்தது. வெயிலும் அடித்தது. இருவரும் முதல் லிஃப்டில் ஏறிக் கடைசி லிஃப்ட்வரை சறுக்கினார்கள். மலைக்குடிலில் உருண்டை மிதக்கும் சூப், மாலையில் வாற்கோதுமைச் சாராயம் ஒரு மிடறு, சிவந்த மூக்கு, நல்ல களைப்பு. எங்கெல்பெர்ட்டுக்கென்று அவர்கள் வாங்கி வந்திருந்த புட்டியைக் கெப்ஹார்டிடம் கொடுத்து, இன்ஸ்ப்ரூக் போகும்போது கொடுக்கச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. நல்ல மனிதர்களையும் வைத்துக்கொண்டு இப்படி ஓர் ஏற்பாட்டை நடத்த முடிகிறதே, அதன் மேல்தான்.

செவ்வாய்க்கிழமை ஹாகெமன் காலணியைக் காயவைக்கக் கீழே போனவர் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டு நின்றார். கெப்ஹார்டைக் கூப்பிட்டு என்ன அது என்று கேட்டார்.

"பழைய பம்ப் சார். காத்து வாங்குது. சீசன் முடிஞ்சதும் மாத்தணும்."

"பாவம், கஷ்டப்படுது," என்று சிரித்துவிட்டுப் போனார் ஹாகெமன்.

சுவருக்கு இந்தப் பக்கம் எங்கெல்பெர்ட்டுக்கு எல்லாம் கேட்டது. அன்று சாயங்காலம் சென்ஸி கஞ்சி ஊட்டும்போது, "பம்ப்புக்கு எண்ணெய் வேணுமாம், அந்தப் புட்டியைத் திற" என்றான். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. மேலே கேட்டுவிடப் போகிறதென்று அவன் தலையணையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை, ஹாகெமன் தம்பதி இரண்டாவது கோப்பை காப்பி கேட்ட வேளையில், எங்கெல்பெர்ட் இறந்தான். சென்ஸி மேலே போய்க் காப்பி ஊற்றிவிட்டு வந்து அவன் கண்களை மூடினாள்.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் கோயில் மணி அடிக்கும். குளிர்காலத்தில் அடிக்காது. விருந்தாளிகள் மனம் வாடும் என்று ஊராட்சி மன்றம் கைதூக்கித் தீர்மானம் போட்டிருக்கிறது. பிணத்தைப் பின்வாசல் வழியாக ரொட்டி வண்டியில் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை அடக்கம் கிடையாது, சாலை முழுக்கக் கார்கள். திங்கட்கிழமை, பனிச்சறுக்குப் பள்ளிக் குழந்தைகள் மலை ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவில் வெள்ளிக்கிழமை இருந்தது. இருபது ஆண்டு தவறாமல் வந்த விருந்தாளிக்கு ஊர் சார்பில் சட்டையில் தங்கமுலாம் வில்லை குத்தும் விழா. வீட்டுக்காரி பக்கத்தில் நிற்க வேண்டும், அது முறை. சென்ஸி விழா உடை உடுத்திக்கொண்டு போனாள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. ஊர்த்தலைவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, பல்லைத் திறக்காமல், "கேள்விப்பட்டேன், மனசைத் தேத்திக்கோ" என்றார். அடுத்த மூச்சில் உரக்க, "போட்டோவுக்கு எல்லாரும் சிரிங்க" என்றார்.

வாத்தியம் வாசித்தார்கள். ஹாகெமன் கண்ணில் நீர் மல்க, இது எங்கள் இரண்டாவது வீடு என்று பேசினார். பிறகு சென்ஸி பக்கம் குனிந்து சொன்னார்.

"பம்ப் ரிப்பேர் ஆயிடுச்சு போல. நேத்து ராத்திரி சத்தமே இல்ல. நல்லாத் தூங்கினோம்."

"நின்னுபோச்சு சார்," என்றாள் சென்ஸி.

அந்தப் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். அதில் அவள் சிரிக்கிறாள்.

அக்டோபரில் வழக்கம்போல ஹாகெமனின் தொலைபேசி வந்தது. மற்ற வருஷங்களில் கெப்ஹார்ட் எடுப்பான். இந்த முறை சென்ஸி எடுத்தாள். கெப்ஹார்ட் பக்கத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"எங்க ரூம்தானே சென்ஸி? அதே வாரம்?"

அவள் சொன்னாள். சூடாக இருந்த படுக்கை எப்படிச் சூடானது என்று சொன்னாள். பம்ப் எது என்று சொன்னாள். வில்லை குத்திய நாள் எது என்று சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றார் ஹாகெமன் கடைசியில். "கூடத்துல படுத்திருப்போமே. திரும்பிக்கூடப் போயிருப்போம். ஒரு வார்த்தை."

"ஆமா. நான் சொல்லியிருக்கணும்," என்றாள் அவள். "இருபது வருஷத்துல நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார், நாங்க எங்க படுக்கிறோம்னு."

அந்த டிசம்பரில் தெருவே இறங்கியது. சென்ஸி இறங்கவில்லை. கல்யாணப் போட்டோ சுவரிலேயே இருந்தது. சிலுவையை அவள் நிலவறைக்கு அனுப்பிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான், நான் பார்த்தேன். கெப்ஹார்ட் ஈஸ்டர் வரை அவளிடம் பேசவில்லை. திமிர் என்றார்கள், புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். அவள் கிழக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, சாய்ந்திருக்கும் மூன்றாவது தூணைப் பார்த்தபடி தன் கட்டிலில் கிடந்தாள். அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டியவன் இல்லை.

நீங்கள் இந்த ஆண்டும் எங்காவது கிளம்புவீர்கள். பனிமலைக்கு, கடற்கரைக்கு, எங்கேயாவது. போங்கள், சந்தோஷமாக இருங்கள். ஆனால் வாசலில் ஒருவர் சிரித்தபடி சாவியை நீட்டும்போது, உடனே கை நீட்டாதீர்கள். "நீங்க எங்க தூங்குவீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் மழுப்புவார்கள். மறுபடி கேளுங்கள். அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, அதன் பிறகு சாவியை வாங்குங்கள்.