பிள்ளையாரிடம் போன கேமரா ஃபைல்

எங்கள் வீட்டுக்காரருக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் கேமரா ஆசை வந்தது. வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசாங்க ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவர். கடைசி நாள் மாலையும் சால்வையுமாக ஆட்டோவில் வந்து இறங்கி, காபியைக் குடித்துவிட்டு, இனிமேல் மலையை போட்டோ எடுக்கப் போவதாகச் சொன்னார். இத்தனை வருஷம் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்த மலை அன்றைக்குத்தான் ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

எனக்கும் அந்த ஆசை உண்டு என்று நான் சொல்லவில்லை. சொல்லுகிற வழக்கமே எனக்கு இல்லை. யாராவது எதிரே வந்தால் தரையைப் பார்க்கிற ஆள் நான். கடையில் மீதிச் சில்லறையைக் கேட்கக்கூட இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வேன், மூன்றாவது தடவை கேட்காமலே வந்துவிடுவேன்.

எனக்கு ஆசை வந்தது மாடியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவால். செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் ஒரு மாசம், இரண்டு மாசம் தங்குவார்கள். அந்த அம்மாவுக்கு என்னைப் போலவே தலை முழுக்க நரை. பத்துப் பன்னிரண்டு தமிழ் வார்த்தை தெரியும். ஒரு நாள் துணி காயப்போடப் போனபோது, தன் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, "பாருங்க" என்றார்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். கீழே தெருவில் எதிர்வீட்டுக்காரி தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக எதிர்வீடு. அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மூக்குத்திக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது. வாயை மூடினால் அழகாகவே இருப்பாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் என்ன பார்வை என்று யாரும் கேட்கவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. பிறகு துணியை மடிக்காமல் அப்படியே சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

அதனால் இவர் கேமரா வாங்கப்போவதாகச் சொன்னதும் எனக்குள்ளே பட்டாசு வெடித்தது. வெளியே, "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

மற்றவர்கள் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர் அட்டை வாங்கி, ஓட்டை போட்டு, டேக் கோர்த்து, ஒரு ஃபைல் திறந்தார். பச்சை மையில் எழுதினார். சர்வீசில் இருந்தவரைக்கும் பச்சை மை தொட அவருக்கு அதிகாரமில்லை. ரிட்டயர் ஆன மறுநாளே ஒரு பச்சைப் பேனா வாங்கிக்கொண்டார். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ஃபுல் ஃப்ரேம், இன்னொரு பக்கம் கிராப் சென்சார்.

கேமராவுக்குள்ளே வெளிச்சம் வந்து விழுகிற தட்டுக்குத்தான் சென்சார் என்று பெயர். முப்பத்தாறு மில்லிமீட்டருக்கு இருபத்துநாலு இருந்தால் ஃபுல் ஃப்ரேம். இருபத்துநாலுக்குப் பதினாறு சுமாருக்கு இருந்தால் கிராப். இவர் அதையே பத்து நாள் படித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய ஸ்கேலை எடுத்து, பழைய காலண்டர் தாளில் இரண்டையும் அளந்து வெட்டிப் பார்த்தேன். பெரியது தீப்பெட்டி அளவுகூட இல்லை. சின்னது என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இதற்காகவா இந்த மனுஷன் சாப்பாட்டை ஆறவிடுகிறார் என்று இருந்தது.

ஆனால் அந்தத் துண்டுக்குள்ளே விஷயம் இருந்தது. மழையில் தாம்பாளத்தையும் கிண்ணியையும் வைத்தால் தாம்பாளத்தில்தானே தண்ணீர் ஜாஸ்தி சேரும். அதே மாதிரிதான் பெரிய தட்டும். அந்திநேரத்தில்கூட படம் சுத்தமாக வரும். சின்னதில் வெளிச்சம் கம்மி, இருட்டில் படம் முழுக்கப் புள்ளி விழும். ஆனால் சின்னதுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. லென்ஸ் கொண்டுவருகிற காட்சியில் நடுவில் இருப்பதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். அதனால் தூரத்தில் இருப்பது கிட்டே வந்த மாதிரி இருக்கும். முந்நூறு என்று எழுதிய லென்ஸ் அதில் நானூற்றைம்பது வேலை பார்க்கும்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அஞ்சாங்கிளாஸோடு நின்றவளிடம் யார் கேமரா பேசுவார்கள்? தீபத்தன்று எங்கள் மொட்டைமாடிக்குப் படம் எடுக்கிறவர்கள் மத்தியானமே வந்து ஸ்டாண்டை விரித்து இடம் பிடிப்பார்கள். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறுகிறவரை வேறு வேலை இல்லாமல் பெரிய தட்டா சின்னத் தட்டா என்ற சண்டைதான் நடக்கும். நான் டீ கொண்டுபோவேன். பேசாத ஆளுக்கு முன்னால் எல்லாரும் எல்லாமும் பேசுவார்கள். எத்தனையோ தீபம் டீ கொடுத்தே படித்துவிட்டேன்.

கடைக்கு ஐந்து தடவை போனோம். கடைக்காரர் முதல் நாளே, இப்போது மிரர்லெஸ் என்று உள்ளே கண்ணாடியே இல்லாத கேமரா வந்துவிட்டது, எல்லாரும் அதற்குத்தான் மாறுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். இவர் அதை ஒரு தடவை அழுத்திவிட்டு, சத்தமே வராத கேமராவில் படம் எடுத்தால் எடுத்தது யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. உள்ளே கண்ணாடி டக்கென்று துள்ளுகிற டி.எஸ்.எல்.ஆர்.தான் வேண்டும். அதில் பெரியதா சின்னதா, அதுதான் பாக்கி.

ஒவ்வொரு தடவையும் இவர் ஃபைலை விரித்துக்கொண்டு, இரண்டு கேமராவையும் என் கையில் கொடுத்துவிடுவார். மேஜை மாதிரி நான் நிற்பேன். பெரியதை லென்ஸோடு பிடித்தால் தண்ணீர் நிறைந்த குடத்தை ஒற்றைக் கையில் தூக்கின மாதிரி மணிக்கட்டு இறங்கும். பிடியைப் பற்றினால் என் ஆள்காட்டி விரல் பட்டனுக்கு எட்டாது. சின்னதில் விரல் தானாகப் போய் பட்டன்மேல் உட்கார்ந்தது. பின்பக்கத் திரை கதவு மாதிரி வெளியே திறந்து மேலும் கீழும் திரும்பும். என்னைப்போலக் குட்டையானவர்கள் கூட்டத்தில் கையைத் தலைக்குமேல் தூக்கி, அண்ணாந்து திரையைப் பார்த்துப் படம் எடுக்கலாம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெரியது வந்தால் நான் பையைச் சுமக்கலாம், அவ்வளவுதான். சின்னது வந்தால்தான் நான் படம் எடுக்க முடியும்.

இவர் மனசோ பெரியது பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதைக் கழுத்தில் மாட்டினால் ஆபீசர் மாதிரி இருக்கிறதாம். வீட்டில் ஒரு நாள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"சின்னதே போதுமேங்க. கிரிவலம் போனா பதினாலு கிலோமீட்டரு தூக்கணும் இல்ல?"

"நீயா எடுக்கப்போற? சாம்பாருக்கு உப்பு போதுமானு கேட்டா சொல்லு. இது டெக்னிக்கல் மேட்டரு."

நானும் அன்றைக்குச் சாம்பாருக்கு உப்பு போதுமா என்று பார்க்கவில்லை.

இரண்டு மாசம் ஆனது. ஃபைல் தடிமனானதே தவிர முடிவு வரவில்லை. அதற்கும் காரணம் உண்டு. சர்வீஸ் முழுக்க இவர் எதையும் முடிவு செய்ததில்லை. சாதகம், பாதகம் எழுதி மேலே அனுப்புவார். மேலே இருக்கிறவர் கையெழுத்துப் போடுவார். இப்போது மேலே யாரும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தவர், பிள்ளையார் கோவிலில் பூ போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். மேலதிகாரி கிடைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவது, வீடு மாறுவது எல்லாவற்றுக்கும் பூ போட்டுப் பார்ப்பது வழக்கம்தான். வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்பை ஒரு பொட்டலம் மடித்து, நார் சுற்றி, சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் பெரியது, வெள்ளை வந்தால் சின்னது என்று இவர் பச்சை மையில் எழுதியும் வைத்தார். பொட்டலம் மடிக்கிற வேலை என்னுடையது.

கொல்லையில் இரண்டு அரளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வெள்ளை அரளியில் ஒரு பூ பறித்தேன். சிவப்பு அரளிக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெள்ளையிலேயே இன்னொன்று பறித்தேன். அதுதான் எனக்கே ஆச்சரியம்.

பிள்ளையாரிடம் மனசுக்குள், உனக்கு வேலை மிச்சம், எந்தப் பொட்டலம் வந்தாலும் சரி என்று சொல்லிக்கொண்டேன். குருக்கள் கற்பூரம் காட்டி, சுண்டலுக்கு நின்ற ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டார். அது ஒன்றை எடுத்தது. வெள்ளை. இவர் முகம் தொங்கிப்போனது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அங்கேயே நமஸ்காரம் செய்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். ஆனால் இவர் டெண்டர் கவர் பிரித்த மனுஷர். ஒரு கவரைப் பிரித்தால் இன்னொன்றையும் பிரித்தே ஆகவேண்டும். நான், "விடுங்க" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கையை நீட்டி எடுத்து, நாரை அவிழ்த்துவிட்டார்.

அதிலும் வெள்ளை.

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. கோவில் தரையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் எவ்வளவு சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் இரண்டு பூவையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் குருக்களிடம் நீட்டினார்.

"ரெண்டும் வெள்ளையா இருக்கு சாமி."

குருக்கள் பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விபூதித் தட்டை நகர்த்தி வைத்தார்.

"சந்தேகம் ஜாஸ்தியா இருக்கறவாளுக்கு அவர் ரெண்டு தரம் சொல்லுவார். போய் வாங்குங்கோ."

அன்று சாயங்காலமே சின்னது வீட்டுக்கு வந்துவிட்டது. அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர் வாயும் சும்மா இல்லை. சிவப்புப் பூ வெள்ளையாக மாறிய கதையைக் கடைக்காரரிடம் சொன்னார், பென்ஷன்காரர்களிடம் சொன்னார், மாடியில் இருக்கிறவர்களிடம் இங்கிலீஷில் சொன்னார். ஒரே வாரத்தில் எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். தன் மகளுக்கு வந்த இரண்டு வரனுக்கும் என் கையாலேயே பூ மடித்துத் தரவேண்டுமாம்.

"உன் கை ராசிக்கா. என் பொண்ணுக்கு நீ பொட்டலம் கட்டிக் குடு போதும்."

அவளுக்கு ஒழுங்காக ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும்தான் மடித்தேன். எனக்கு எந்த மாப்பிள்ளையிடமும் வேலை இல்லையே.

ஆனால் நான் எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது நடக்கவில்லை. கேமரா இவர் கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. சாப்பிடும்போது துண்டால் மூடிக்கொள்வார். தூங்கும்போது பீரோவில் வைத்துப் பூட்டுவார். மலையை நானூறு படம் எடுத்தார், நானூறிலும் மின்கம்பி குறுக்கே போனது. நான் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணை வைக்க ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பிள்ளையார் எனக்குக் கொடுத்த தண்டனை என்றே நினைத்துக்கொண்டேன்.

தீபத்தன்று மத்தியானம் வழக்கம்போல மாடி நிறைந்துவிட்டது. டீ கொடுத்துவிட்டு இறங்கப் போனேன். இவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"இந்தா, நீ எடு."

"எனக்கு எதுக்குங்க?"

"எதுக்கா? அன்னிக்குக் கோவில்லருந்து வந்ததும் நேரா கொல்லைக்குத்தான் போனேன். செவப்பு அரளில ஒரு காம்புகூட ஒடிக்கல நீ."

எதையாவது பார்க்கவேண்டுமே என்று டீ டம்ளரைப் பார்த்தேன்.

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னா சொல்றது? எம் பொண்டாட்டி புள்ளையாரையே ஏமாத்திட்டானு சொல்லவா? நீயா வந்து கேப்பேன்னு ரெண்டு மாசமா பாக்குறேன். பிள்ளையாரை மடக்கத் தெரியுது, எங்கிட்ட வாயத் தொறக்கத் தெரியல."

இத்தனை நாள் கேமராவைக் கழற்றாமல் திரிந்ததே நான் கேட்கவேண்டும் என்பதற்காகத்தானாம். சரியான அழுத்தக்காரர். நானும் லேசுப்பட்டவள் இல்லை என்பது அவருக்குப் பூ போட்ட அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஆறு மணிக்குக் கீழே கோவிலில் வெடி போட்டதும் உச்சியில் தீபம் ஏறியது. முன்னால் எல்லாரும் உயரமாக நின்றார்கள். நான் கையைத் தலைக்குமேல் தூக்கி, திரையைச் சாய்த்து, லென்ஸைக் கடைசிவரைக்கும் இழுத்தேன். பெரிய தட்டுக்காரர்களுக்குப் பொட்டு மாதிரி தெரிந்த தீபம் எனக்குச் சுடரோடு கிட்டே வந்து நின்றது. பத்துப் படம் எடுத்தேன். ஒன்றிலும் மின்கம்பி இல்லை. மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்து, "சூப்பரும்மா" என்றார். அப்போதும் நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மலைக்குப் பின்னால் கறுத்த வானம் முழுக்கச் சின்னச் சின்னதாகப் புள்ளி. ஃபுல் ஃப்ரேமாக இருந்திருந்தால் அது விழுந்திருக்காது. எனக்கு நன்றாகவே தெரியும்.

"என்னா இது, ஒரே புள்ளியா இருக்கு?" என்றார்.

"பனிங்க" என்றேன்.