மூன்றாம் இலக்க இடியன்

போன கிழமை கோல்டிங்கில் மகள் வீட்டில் நின்றபோது, முட்டை அவிய வைத்துவிட்டு அவள் போனில் கதைத்துக்கொண்டே இருந்துவிட்டாள். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, வீடெல்லாம் கந்தக நாற்றம். யன்னலைத் திறந்துவிடாமல் நான் அதை மோந்துகொண்டு நின்றேன். "அம்மா, என்ன செய்யிறாய்?" என்று டேனிஷில் கத்தினாள். என்னவென்று சொல்வது? நல்ல சனிக்கிழமைகள் ஐந்தை வீணாக்கிய ஒரு துவக்கின் நாற்றம் அது.

டென்மார்க்கில், விபோர்க் நகரத்தில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த காலம் அது. எனக்கு நாற்பது வயது இருக்கும். டேனிஷ் வகுப்பு ரீச்சர், "வேலையும் வீடும் எண்டிருந்தால் பாஷை வராது. ஏதாவது சங்கத்திலை சேர்" என்று அரித்துக்கொண்டிருந்தார். கன்ரீன் பலகையில் ஒரு நாள் 'ஃபோர்லாடர்' சங்கம் என்று ஒரு துண்டைக் கண்டேன். நாங்கள் மன்னார்ச் சனம், வேதக்காரர். டேனிஷ் பூசையில் பாவங்களைப் பொறுத்தருளச் சொல்லிக் கேட்கும் இடத்தில் 'ஃபோர்லாட்' என்று வரும். ஆக, இது ஆளையாள் மன்னிக்கிற சங்கம், பாவம் நல்ல மனிசர் என்று நினைத்துப் பெயரை எழுதிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் ஊருக்கு வெளியே ஒரு சரளைக்குழி. நீட்டு நீட்டுத் துவக்குகளோடு பத்துப் பன்னிரண்டு பேர். குழல் வாயால் மருந்து போட்டு இடிக்கிற பழைய துவக்குக்குத்தான் டேனிஷில் அந்தப் பெயராம். எங்கள் பக்கத்தில் இடியன் என்போமே, அதே சாமான். திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் என்னோடு ஒரே மேசையில் கண்ணாடி பூட்டுகிற மெற்ற என்ற டேனிஷ்காரி அங்கே நின்றாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், சிரிப்புக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறவள். "வந்திட்டாய்தானே, நில்" என்றாள். நின்றுவிட்டேன்.

வீட்டில் இவருக்குச் சொன்னபோது சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "உமக்கென்ன விசரே? வெடிச்சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?" அவருடைய தம்பி ஊரில் சண்டைக் காலத்தில் செல்லடியில் செத்துப்போனவர். எனக்கும் அது தெரியாததல்ல. ஆனாலும் எனக்குள் ஒரு முரண்டு. அந்தக் காலமெல்லாம் யாரோ சுடுவார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு பங்கருக்குள் இருப்பேன். ஒரேயொரு தரம் சத்தம் போடுகிற பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் போலிருந்தது.

அந்த ஒரேயொரு தரம்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

முதல் சனி பார்க்கவும் கழுவவும் மட்டும். சங்கத்துத் துவக்குகளில் மூன்றாம் இலக்கத்தை எனக்கென்று ஒதுக்கினார்கள். சுட்டு முடிந்த குழலுக்குள் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் ஊற்ற, கருந்தண்ணீர் வடியும். அப்போதுதான் அந்த அழுகல் முட்டை நாற்றம். கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசவேண்டும், இல்லாவிட்டால் கறள் பிடித்துவிடும் என்றார்கள். கழுவுகிற வேலையில் என்னை யாரும் வெல்ல முடியாது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி, உள்ளுக்கும் வெளிக்கும் எண்ணெயால் குளிப்பாட்டி வைத்தேன்.

இரண்டாம் சனி, சீலைத்துண்டில் ஈயக்குண்டைச் சுற்றி, கோலால் இடித்து அடிவரை இறக்கினேன். பின்பக்கத்து முனையில், பொறி தட்டுகிற சின்னக் கேப்பைப் பொருத்திக் குறிபார்த்து விசையை இழுத்தேன். கேப் மட்டும் 'டிக்' என்றது. ஒரு நிமிடம் குழலைக் குறிப்பலகைப் பக்கமே பிடித்தபடி நிற்கவேண்டும், மருந்து பிந்தியும் வெடிக்கலாமாம். நின்றேன். "மருந்து போட்டனியா?" என்று மெற்ற கேட்டாள். மருந்துச் சுரை என் பக்கத்தில் மூடி திறக்காமல் இருந்தது. அந்தக் குண்டைத் திருகாணி போட்டு இழுத்தெடுக்க முக்கால் மணித்தியாலம் போனது.

மூன்றாம் சனி மருந்தை இரண்டு தரம் அளந்து பார்த்துப் போட்டேன். டிக். நாலாம் சனியும் டிக். புதுக் கேப், புது மருந்து, புதுச் சீலை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. பக்கத்தில் நிற்கிறவர்கள் படார் படார் என்று சுட்டுத்தள்ளிவிட்டுக் கோப்பி குடிப்பார்கள். நான் என் ஒரு நிமிடத்தை எண்ணிக்கொண்டு நிற்பேன். பெடலை மிதித்து வீட்டுக்கு வரும்போது கண்ணீர் வரும், ஆத்திரத்தில். வந்ததும் இவர் முகத்தை நிமிர்த்திப் பார்ப்பார். "சுட்டாச்சோ?" என்று கேட்கமாட்டார். அது இன்னும் எரிச்சல்.

ஐந்தாம் சனி சைக்கிளுக்குக் காற்றில்லை, மழைத் தூறல் வேறு. இவர் கார்த் திறப்பை எடுத்தார். குழியடியில் என்னை இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ரேடியோவைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்துவிட்டார்.

அன்றும் முதல் வெடி டிக். குண்டை வெளியே எடுத்தபின் மெற்ற பொறுமை கெட்டுப்போய், ஒரு வெள்ளைத் துணியைக் கோலில் சுற்றிக் குழலுக்குள் அடிவரை விட்டு இழுத்தாள். துணி எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது.

"இதுக்குள்ளை என்ன பொரிக்கப் போறாய்?" என்றாள். "சுட முன்னம் எண்ணெயைத் துடைக்கோணும். மருந்து நனைஞ்சு போச்சு."

"நாலு கிழமையாப் பக்கத்திலைதானே நிண்டனீ? ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

எனக்குத் தெரிந்த டேனிஷ் கெட்ட வார்த்தைகள் இரண்டையும் அப்போதே செலவழித்துவிட்டேன். மெற்ற முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

துடைத்தேன். வெறும் கேப் இரண்டு அடித்துக் குழலைக் காயவைத்தேன். மருந்து, சீலை, குண்டு, கோல், கேப். மூச்சை அடக்கி இழுத்தேன்.

தோளில் ஒரு இடி. நெஞ்சுக்குள் இன்னொன்று. பிறகு வெள்ளைப் புகை. மழைக்காற்று அசையாததால் அது கலையவேயில்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. புகை விலகியபோது என் பலகையில் ஓட்டையில்லை, பக்கத்து மனிசனின் பலகையின் மூலையில் ஒன்று இருந்தது. பரவாயில்லை! இன்னொன்று சுடவேண்டும், இப்போதே சுடவேண்டும் என்று மருந்துச் சுரைக்குக் கையை நீட்டினேன்.

"நிறுத்து!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் துவக்குகளைக் கீழே வைத்தார்கள். ஈரச் சரளையில் இவர் ஓடி வந்துகொண்டிருந்தார். எப்போது காரைவிட்டு இறங்கி வேலியோரம் வந்து நின்றாரோ தெரியாது. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். உதடு வெளிறியிருந்தது.

"புகைக்குள்ளை உம்மைக் காணேல்லை" என்றார்.

"நான் இஞ்சைதானே நிக்கிறன்."

"காணேல்லை" என்றார் திரும்பவும்.

மூன்றாம் இலக்கத்தை மெற்றவிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. திங்கட்கிழமை மெற்ற, "சனி வருவியா?" என்றாள். "வேலை கிடக்கு" என்றேன்.

இந்த மாரியில் ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இவர் எங்கேயோ பார்த்தபடி, "நீர் ஏன் பிறகு அந்தத் துவக்குச் சுடப் போகேல்லை?" என்றார்.

"உங்களுக்காகத்தான்."

"நான் மறிக்கேல்லையே" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "அடுத்த முறை காருக்குள்ளை இராமல் கிட்ட வந்து நிப்பம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

இத்தனை வருடம்! கோப்பையை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. அடுத்த நாளே மெற்றவின் பழைய போன் இலக்கத்துக்கு அடித்துப் பார்த்தேன். பாவனையில் இல்லை. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்க் கன காலம். சத்தம் கூடாதென்று அக்கம்பக்கத்தார் முறையிட, சங்கமும் கலைந்துவிட்டதாம். ஞாயிறு இவரே காரை எடுத்தார். சரளைக்குழியை நிரவி வரிசையாக வீடு கட்டியிருக்கிறார்கள். நாங்கள் சுட்ட இடத்தில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். இவர் காரை விட்டிறங்கி, அந்த வேலி நின்ற இடம் எதுவென்று கொஞ்ச நேரம் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை.