எண்பது வயதுக் கணக்கு

திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், டிக்கெட்டை மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஒல்லியான ஆள், முன்கைகளில் பாய்லர் சுட்ட தழும்புகள். அவர் வேலை பார்த்த அரிசி ஆலையை மூடிவிட்டார்களாம். வயது ஐம்பத்தைந்து.

“முழு பென்ஷன் ஐம்பத்தெட்டுலதாங்க. இப்பவே வாங்குனா, முந்துற ஒவ்வொரு வருஷத்துக்கும் நாலு சதவீதம் வெட்டு, சாவுற வரைக்கும். அதான் மூணு வருஷம் பொழப்ப ஓட்ட, திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். சம்சாரம் முடியாதவ. தனியாத்தான் விட்டுட்டு வந்திருக்கேன்.”

அந்த வெட்டைத் தவிர்க்க என்ன செலவாகும் என்று அவர் பார்க்கவில்லை. செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். காத்திருந்தால் மூன்று வருடப் பென்ஷன் போய்விடும். பிறகு மாதாமாதம் கூடுதலாக வரும் தொகையில் அதை ஈடுகட்டுவதற்குள் அவருக்கு எண்பது வயதாகிவிடும்.

“எண்பதா?” சத்தமாகச் சிரித்தார். “எங்க வம்சத்துல எழுபதைப் பார்த்தவனே இல்லீங்க!”

“குறைஞ்ச பென்ஷன்ல ஓடுமா?”

“உள்ளூர்ல வேற மில்லுல அரை நாள் வேலை கெடைக்கும். ராத்திரி வீட்ல இருக்கலாம்ல?”

நீடாமங்கலத்தில் பையோடு எழுந்தார்.

“என்னண்ணே, டிக்கெட் தஞ்சாவூருக்குல்ல?” என்றார் கண்டக்டர்.

“அது போவட்டும்ங்க.”

பட்டையைத் தொட்டுப் பார்க்காமலே இறங்கி, எதிரே நின்ற திருவாரூர் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

எண்பதைத் தாண்டி வாழ்ந்தால் அவருக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டம் அவருக்கு வர வேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.