அணைய வேண்டிய பல்பு

எங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒரே பிரதி, செயலாளரான என் பொறுப்பிலிருந்த பழைய கணினியில் இருந்தது. அதன் பவர் சப்ளை புகைந்தது. மாற்று எங்கும் கிடைக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக் உப்பிப்போன கெப்பாசிட்டரை மாற்றினார். நேரடியாக மின்சாரம் கொடுக்காமல் இடையில் ஒரு குண்டு பல்பைக் கோத்தார்.

“பல்பு நின்னு எரிஞ்சா உள்ள இன்னும் ஷார்ட்டு இருக்கு. மின்னிட்டு அணைஞ்சா பொழச்சிட்டு.”

சுவிட்சைப் போட்டார். பல்பு மின்னி அணைந்தது. “ஸ்தோத்திரம்” என்றேன்.

அவர் மேலே பார்த்தார். “பைய, அண்ணாச்சி. ஃபேனும்லா நின்னுட்டு. கரண்டு போயிருக்கு.”

கரண்டுக்காக அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பல்பு மறுபடி மின்னி அணைந்தது. நான் அதை நம்பாமல் அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“இப்பச் சொல்லுங்க” என்றார்.