இரண்டு பேர் எடைக்குச் சரிசெய்த கார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கும் முருகன் படத்தைப் பார்ப்பேன், பேனாவை வைத்துவிடுவேன். இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளியோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு துறைமுகத்தில் லோரி ஓட்டினேன். எனக்கு எதற்கு எழுத்து என்ற கூச்சம் ஒரு பக்கம். மனைவியைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுவது முறைதானா என்ற தயக்கம் இன்னொரு பக்கம். இப்போது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருக்கிறது. இனியும் தள்ளினால் எழுதவே முடியாது.

என்னிடம் ஒரு கார் உண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் ஓட்டிய, கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் போலவே இருக்கும். ஆனால் அசல் இல்லை, ரெப்ளிகா. உடம்பு ஃபைபர், என்ஜின் சாதாரண ஜப்பான் காருடையது. சுங்கை பூலோவில் ஒருவர் பாதி கட்டிவிட்டு அலுத்துப்போய் விற்றார். பண்டமாரானில் எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி, லீவு நாட்களில் மீதியை நானே கட்டினேன்.

"ரெண்டு சீட்டுதான் இருக்கு. நம்ம பொண்ணு எங்க உட்காரும், பொனட் மேலயா?" என்பாள் மனைவி.

"அது கல்யாணமாகிப் போயிடும். அப்புறம் நாம ரெண்டு பேர்தான."

"மழை வந்தா?"

"நீ குடை பிடி."

"நல்ல ஆளு லா நீங்க" என்று உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் தேநீர் வரும்.

கார் ரோட்டுக்கு வர அனுமதி கிடைத்தபோது மகள் கல்யாணமாகி அம்பாங்கில் இருந்தாள். சக்கரங்களை நேர்செய்யும் அலைன்மெண்ட் வேலை ஒன்றுதான் பாக்கி. கிள்ளானில் ஒரு போர்மேன் இந்த மாதிரிக் கார்களைப் பார்ப்பார். இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்லுவோம். என் மகள் வயதுதான் அவருக்கு. மனைவியோடு அவரிடம் போனேன்.

அவர் சொன்னது இதுதான். சாதாரணக் கார் கனமானது, ஒரு ஆள் ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாகத் தெரியாது. இது லேசான வண்டி. ஒரு ஆள் ஏறினாலே அந்தப் பக்கம் தாழும், சக்கரத்தின் சாய்வு மாறும். அதனால் ஓட்டுகிறவரின் எடைக்கு அரிசிப் பைகளை சீட்டில் வைத்து, அதற்கேற்ப நாலு ஸ்பிரிங்கின் உயரத்தையும் திருகிச் சரிசெய்ய வேண்டும். பிறகுதான் சக்கரம்.

"பக்கத்து சீட்டுக்கும் வையுங்க" என்றேன்.

"தேவையில்ல அங்கிள். ரோட்டுல முக்கால்வாசி நேரம் ஒரு ஆள்தான் ஓட்டுவாங்க. ஆன்டி எப்பவும் வருவாங்களா?"

"எப்பவும் வருவா."

எங்கள் வீட்டில் எந்தப் பூஜைக்கும் நான் மனையில் தனியாக உட்கார்ந்தது கிடையாது. புதுவீடு புகுந்தபோதும், மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தபோதும் அவள் பக்கத்தில் இருந்தாள். குடும்பஸ்தன் தனியாகச் செய்கிற காரியம் பாதிக் காரியம் என்பது என் நம்பிக்கை. காருக்கு மட்டும் வேறு சட்டமா என்று அவரிடமே கேட்டேன்.

"அலைன்மெண்ட்டுக்குமா அங்கிள்?" என்று போர்மேன் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆன்டி, நீங்க எத்தன கிலோ?" என்றார்.

"அத எதுக்குப்பா கேக்கற?"

"அரிசிப் பை வைக்கத்தான் ஆன்டி."

"பையெல்லாம் வேணாம். நானே உட்கார்றேன்."

அடுத்து கோயிலில் வண்டிக்குப் பூஜை. அதனால் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். நாலு சக்கரத்தின் எடையையும் காட்டும் மேடைமேல் ஏற்றிய காரில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். போர்மேன் கீழே குனிந்து ஒவ்வொரு ஸ்பிரிங்காகத் திருகினார்.

"ஆன்டி, ஆடாம இருங்க. நீங்க சாஞ்சா இங்க நம்பர் ஓடுது."

"பஜனைக்கு உட்கார்ந்தா அசைய மாட்டேன் நான். உங்க அங்கிளச் சொல்லு, அவருதான் சும்மா எட்டி எட்டிப் பார்க்கறாரு."

நான் நேராக உட்கார்ந்தேன். அவள் என் காதோரம், "மணவறையில உட்கார்ந்த மாதிரி இருக்கு, இல்ல? அன்னிக்கும் இப்படித்தான், எல்லாரும் நம்மளச் சுத்திச் சுத்தி வந்தாங்க" என்றாள். அந்தக் குரல் இப்போதும் அப்படியே கேட்கிறது. அவள் பேசிய மற்றவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிட்டன.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கிள்ளான் அம்மன் கோயில். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு. தலைமுடி பறக்காமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, மடியில் அர்ச்சனைத் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். கார் நூல் பிடித்தது போலப் போகும்.

பிறகு அவள் போய்விட்டாள். நோயைப் பற்றி எழுதப் போவதில்லை.

காரியமெல்லாம் முடிந்து முதல் தடவை காரைத் தனியாக எடுத்தேன். இடப்பக்கமாக இழுத்தது. பெரிதாக இல்லை, கொஞ்சம்தான். நான் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். போர்மேனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரெண்டு பேர் உட்கார்ந்தால் சமமாக நிற்கும்படி செய்த வண்டி, ஒரு ஆள் இல்லாததால் இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றார். முன் வலது டயரின் உள்விளிம்பு ஏற்கெனவே தேய ஆரம்பித்திருந்தது.

"ஒரு ஆளுக்கு மாத்திடலாம் அங்கிள். அரை நாள் வேலை."

"அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவளுடைய சேலைகளை மகள் எடுத்துப் போய்விட்டாள். நகை பேரப்பிள்ளைக்கு. வீட்டில் அவளுடையது என்று எதைத் தொட்டாலும் யாரோ ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், முறைதான் அது. இந்தக் கார் மட்டும் அவள் இவ்வளவு கனம் இருந்தாள் என்பதை மறக்காமல் வைத்திருந்தது. அதை ஸ்பேனர் போட்டுத் திருகி எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவள் சீட்டில் அரிசிப் பைகளை அடுக்கி, பெல்ட் போட்டு, கோயில் அன்னதானத்துக்குக் கொண்டுபோனேன். போகும்போது கார் நேராகப் போகும். அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இழுக்கும். "அரிசி வேணும்னா லோரியில அனுப்பலாமே அண்ணே, அழகான கார்ல ஏன் மூட்டை ஏத்தறீங்க?" என்று கோயில் சமையற்காரர் கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

ஒரு நாள் மகள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் சாயங்கால மழை. முன்னால் போன வண்டி திடீரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்பதற்குப் பதில் இடப்பக்கம் வழுக்கியது. அங்கே மழைக்கோட்டு போட்ட ஒருவர் மோட்டார்சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், பின்னால் அவர் மனைவி. ஒரு முழம் இடைவெளியில் என் கார் நின்றது. அவர் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்வையிலிருந்து மறைகிறவரை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நனைந்தபடியே ஓரமாக நிறுத்தினேன். முருகா, முருகா என்றேன். என் ஆசைக்காக இன்னொருவன் வீட்டில் இப்படி ஒரு சீட்டைக் காலி பண்ணப் பார்த்தேனே.

மறுநாள் காலையிலேயே போர்மேனிடம் போனேன். மேடைமேல் காரில் தனியாக உட்கார்ந்தேன்.

"உங்க வெயிட் மட்டும் போதும்ல அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போதும்பா."

அவர் ஸ்பேனரை எடுக்குமுன் கண்ணை மூடி, முருகா, இதைத் தனியாகத்தான் செய்கிறேன், குறை இருந்தால் பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். ஸ்பிரிங்கைத் திருகத் திருக இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அவள் ஏறி உட்காரும்போதெல்லாம் அப்படித்தான் தாழும். அன்று யாரும் ஏறாமலே தாழ்ந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

புது டயர் மாட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சரியில்லப்பா, இப்ப வலப்பக்கம் போகுது" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு போய் அவரும் ஓட்டிப் பார்த்தார்.

"காரு நேராத்தான் இருக்கு அங்கிள். நீங்கதான் வலப்பக்கம் பிடிக்கறீங்க. பழகிப்போச்சு. கைய லேசா வெச்சுப் பாருங்க."

திரும்பப் போய், கையை லேசாக வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் போனது.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்லத் தோன்றினால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். மனைவியின் எடையைக் கடைசிவரை காரில் வைத்திருந்தான் என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி மாற்ற வேண்டாம். எடுத்துவிட்டேன் என்றே சொல்லுங்கள். எடுத்த பிறகும் அவன் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறான், ரோடு காலியாக இருக்கிற இடங்களில் அவன் கை இன்னும் வலப்பக்கம் போகிறது என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.