பந்தியை விரட்டிய வீடியோ கேம் பாட்டு

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். பிழைப்புக்கு நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால், சமையலை முடித்துவிட்டு அக்கா வீடியோ கேமை டிவியில் மாட்டிவிடுவாள். அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதில் குட்டி மனுசன் ஒருத்தன் ஓடுவான், அவன் பின்னால் ஒரு பாட்டும் ஓடும். நேரம் முடியப்போகிறதென்றால் பாட்டு இரண்டு மடங்கு வேகமாகும். தூக்கத்திலேயே எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வரவேற்பு. மதுரையிலிருந்து பாடகர்கள் வந்த வேன் வன்னியம்பட்டி பக்கத்தில் பஞ்சர்.

"ஏலே, சும்மா உக்காராத. அவிய வார வரைக்கும் எதையாவது வாசி" என்றார் குழுவை நடத்திய அண்ணாச்சி.

தெரிந்த சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்தபின் கை தானாக அந்த கேம் பாட்டுக்குப் போனது. நன்றாகத்தான் இருந்தது. வேகமாகும் இடம் வந்ததும் நானும் வேகமாக வாசித்தேன். செத்த நேரத்தில் சமையல்காரர் மேடைக்கே வந்துவிட்டார்.

"என்னத்தத் தம்பி வாசிக்கீக? ஆளுக விரட்டி விட்டாப்புல சாப்பிடுதாக. பாயசம் வாரதுக்குள்ள இலைய மூடிட்டாக. அடுத்த பந்திக்கு இன்னும் சோறு வடிக்கல."

இதற்குள் மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தன் மகளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மாப்பிள, எதும் குறையா?"

"இல்ல மாமா. டைம் முடியப்போகுது, அதான்."

"எதுக்கு டைம்?" என்று அவர் பதறி மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதுவரை குனிந்தே நின்றிருந்த பெண் நிமிர்ந்தாள். "அது கேம் பாட்டுப்பா. நம்ம தம்பி வெளையாடுறது" என்றாள். பிறகு மாப்பிள்ளையிடம், "நீங்க அதுல கடைசிக் கோட்டை வரைக்கும் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"நான் போயிருக்கேன்."

சிரிப்பு நின்று, மாப்பிள்ளை முதல்முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார். அவள் கேட்டபடி கேமில் அந்தக் கோட்டைக்குள் வரும் பாட்டையும் வாசித்தேன். அது கொஞ்சம் பயமுறுத்தும் மெட்டு. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடித் தாளம் போட்டுக் கேட்டுவிட்டு, சுத்தமான கர்நாடக சங்கீதம் என்று பாராட்டினார்.

அதன்பிறகு தளவாய்புரம், செட்டியார்பட்டி என்று எங்கே கச்சேரிக்குப் போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டுப் பிள்ளைகள் சீட்டு அனுப்பின. அண்ணாச்சியும் அதை 'மேற்கத்திய இசை' என்று மைக்கில் கம்பீரமாக அறிவிப்பார், பந்தி முடிந்துவிட்டதா என்று ஆளனுப்பிப் பார்த்துவிட்டு.